சர்ச்சுக்குள் போவதும் சர்ச் போவதும்

1

பிலிப் லார்கின் 1954ல் எழுதி, 1955ல் வெளியான 'தி லெஸ் டிஸீவ்ட்' தொகுதியில் சேர்த்த 'சர்ச் கோயிங்' என்ற கவிதையின் தலைப்புக்கு ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தம். சர்ச்சுக்குப் போகிற பழக்கம் ஒன்று. சர்ச்சே போய்க்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. தமிழில் 'போவது' என்ற வினை இந்த இரண்டு வேலையையும் சிரமமில்லாமல் செய்துவிடும். கோயிலுக்குப் போவதும் உயிர் போவதும் நமக்கு ஒரே சொல்தான்.

கவிதையில் சம்பவம் என்று அதிகமில்லை. சைக்கிளில் வருகிற ஒருவன், உள்ளே ஆராதனை எதுவும் நடக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஒரு சர்ச்சுக்குள் நுழைகிறான். நம்பிக்கை இல்லாதவன். தலையில் தொப்பி இல்லாததால், கால்சராயில் மாட்டியிருந்த சைக்கிள் கிளிப்பைக் கழற்றி மரியாதை காட்டுகிறான். கூரை புதிதா, பழுதுபார்த்ததா என்று யோசிக்கிறான். வேதம் வாசிக்கும் மேடையில் ஏறி, நினைத்ததைவிடச் சத்தமாக இரண்டு சொல் சொல்லிவிடுகிறான். ஐரிஷ் ஆறு பென்ஸ் ஒன்றைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு வெளியே வருகிறான். நின்று பார்க்க வேண்டிய அளவுக்கு இந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. ஆனால் நின்றிருக்கிறான், அடிக்கடி இப்படி நிற்கிறவன் என்பதையும் சொல்கிறான். இந்த முரண்பாட்டிலிருந்துதான் கவிதையின் கேள்வி பிறக்கிறது. ஒருவரும் வராமல் போன பிறகு இந்தக் கட்டடங்களை நாம் என்ன செய்யப் போகிறோம்?

கவிதையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் இறுதிப் பகுதியைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. நம்பிக்கை போன பிறகும் மனிதனுக்குத் தீவிரத்தின்மேல் ஒரு பசி மிஞ்சுகிறது, அந்தப் பசி அவனை இம்மாதிரி ஒரு மண்ணுக்கு இழுத்து வரும் என்கிற முடிவு. இது நியாயமான, எடுத்தாளச் சுலபமான முடிவு. நான் பேச விரும்புவது கவிதையின் நடுப்பகுதியைப் பற்றி. அங்கேதான் லார்கின் தன் கேள்விக்கு ஸ்தூலமான விடைகளைக் கற்பனை செய்து பார்க்கிறார். சில பெரிய ஆலயங்கள் காட்சிசாலைகளாக நிற்கும். பாத்திரங்களும் ஏடுகளும் பூட்டிய கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும். மற்றவற்றில் மழையும் ஆடுகளும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். இருட்டிய பிறகு பெண்கள் குழந்தைகளைக் கூட்டிவந்து ஏதோ ஒரு கல்லைத் தொடச் செய்வார்கள். பிறகு அந்த மூடநம்பிக்கையும் சாகும். புல், முட்செடி, ஒரு முட்டுச்சுவர், வானம்.

எழுபது வருஷங்கள் கழிந்துவிட்டன. கவிஞன் கேட்ட கேள்விக்குக் கவிஞர்கள் அல்லாதவர்கள் பதில் எழுதிவிட்டார்கள்: சட்டம் செய்கிறவர்கள், கட்டடக் கலைஞர்கள், வீட்டுத் தரகர்கள், ஒரு புத்தகக் கடை, ஒரு நடன விடுதி, ஒரு இசைக்குழு. அந்தப் பதிலைக் கவிதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கவிதையைப் பற்றியும் பதிலைப் பற்றியும் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

2

இந்தக் கேள்வியை நவீன கவிதை லார்கினுக்கு முப்பது வருஷம் முன்பே சந்தித்திருக்கிறது. ஒரு குறிப்பின் வடிவத்தில். எலியட்டின் 'பாழ்நிலம்' 1922ல் புத்தகமாக வந்தபோது சேர்ந்த குறிப்புகளில் ஒன்று, லண்டன் பாலத்தருகே உள்ள செயின்ட் மாக்னஸ் மார்ட்டர் ஆலயத்தைப் பற்றியது. கிறிஸ்டோபர் ரென் உருவாக்கிய உட்புறங்களில் இது மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்பது எலியட்டின் அபிப்பிராயம். அதைச் சொன்ன கையோடு, லண்டன் நகரத்தின் பத்தொன்பது சர்ச்சுகளை இடிக்கும் யோசனையைப் பற்றிய ஒரு வெளியீட்டின் பெயரையும் கொடுக்கிறார். புராணங்களும் உபநிஷத்தும் தாந்தேயும் வரும் குறிப்புகளுக்கு நடுவே ஒரு நகரசபை விவகாரம். படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

இது தாண்டிப்போகத் தக்கதல்ல. 1920ல் வந்த இந்த யோசனையின் தர்க்கம் மிகவும் எளிமையானது. லண்டனின் வர்த்தகப் பகுதியில் இரவில் குடியிருப்பவர்கள் அநேகமாக இல்லை. குடியில்லாத இடத்தில் சபை இல்லை. ஆனால் சர்ச் நிற்கிற மனை அபாரமான விலை பெறும். விற்றால் அந்தப் பணத்தில் புறநகரங்களில் புதிய சர்ச்சுகள் கட்டலாம். எலியட் அப்போது லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1921ல் அமெரிக்காவின் 'டயல்' பத்திரிகைக்கு எழுதிய லண்டன் கடிதத்திலும் இந்தச் சர்ச்சுகளுக்காகப் பரிந்து பேசினார். அவர் ஆங்கிலத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றது 1927ல்தான். ஆக 1921ல் அவர் பேசியது விசுவாசியாக அல்ல. மத்தியான இடைவேளையில் வங்கியிலிருந்து இறங்கி வந்து, எந்தக் காரியமும் இல்லாமல், பத்து நிமிஷம் ஒரு கூரைக்கடியில் நிற்கிற குமாஸ்தாவாகப் பேசினார்.

அந்த யோசனை 1926ல் பாராளுமன்றத்தில் தோற்றது. என்றாலும் பட்டியலில் இருந்தவை எல்லாம் தப்பிவிடவில்லை. லொம்பார்ட் தெருவின் ஆல் ஹாலோஸ் 1930களின் இறுதியில் இடிக்கப்பட்டது. அதன் கோபுரத்தை மட்டும் டுவிக்கன்ஹாமுக்குக் கொண்டுபோய் வேறொரு சர்ச்சோடு சேர்த்துக் கட்டினார்கள்.

எலியட்டின் குமாஸ்தாவும் லார்கினின் சைக்கிள்காரனும் ஒரே ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவருக்கும் உள்ளே வேலையில்லை. அவர்களை யாரும் அழைக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கதவு திறந்திருந்தது. வேண்டுதல் இல்லாதவன், சபையில் சேராதவன், காணிக்கையாக ஒரு ஆறு பென்ஸ் மட்டும் போடுகிறவன், அவனும் உள்ளே வந்து நிற்கலாம் என்பது அந்தக் கட்டடத்தின் குணங்களில் ஒன்று. சர்ச்சைக் கட்டியவர்கள் இதற்காகக் கட்டவில்லை. ஆனால் கட்டியதில் இது தானாகச் சேர்ந்துகொண்டது. நவீன கவிதையின் இரண்டு முக்கியமான குரல்கள் இந்தத் தானாகச் சேர்ந்த குணத்தைத்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன. கைவிடப்பட்ட சர்ச்சுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கும்போது, கடவுள் எங்கே போனார் என்பதைவிட, இந்த ஆள் எங்கே போனான் என்று கேட்பது பயனுள்ளதாக இருக்கும்.

3

லார்கினின் கவிதை வெளியாகி இரண்டு வருஷத்தில், 1957ல், ஐவர் புல்மர்-தாமஸ் 'நண்பரற்ற சர்ச்சுகளின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். ஜான் பெட்ஜமன், ஓவியர் ஜான் பைப்பர் ஆகியோரோடு எலியட்டும் அதன் ஆரம்ப ஆதரவாளர்களில் ஒருவர். 1960ல் பிரிட்ஜஸ் பிரபு தலைமையிலான கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதன் விளைவாக 1968ல் ஆங்கிலத் திருச்சபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு சர்ச் வழிபாட்டுக்குத் தேவையில்லை என்று முறைப்படி அறிவிக்கலாம். பிறகு ஒரு காத்திருப்புக் காலம்; அதற்குள் வேறு உபயோகம் தேட வேண்டும். கிடைத்தால் விற்கலாம், குத்தகைக்கு விடலாம். கிடைக்காமல், கட்டடம் மிக முக்கியமானதாகவும் இருந்தால், 1969ல் ஏற்பட்ட ஒரு நிதியகம் எடுத்துக்கொள்ளும். இன்று வேறு பெயரில் இயங்கும் அந்த நிதியகத்தின் பாதுகாப்பில் 350க்கு மேற்பட்ட சர்ச்சுகள் இருக்கின்றன. இரண்டும் இல்லையென்றால் இடிக்கலாம்.

இப்படி அறிவிக்கப்பட்ட சர்ச்சுக்கு அந்தச் சட்டம் வைத்த பெயர் கவனிக்க வேண்டியது. ஆலை மூடும்போது வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோ அதே சொல். 'ரிடண்டண்ட்'. உபரி, மிகை, இனி வேண்டாதது. பிற்பாடு இது உறுத்தியிருக்க வேண்டும். 2011ன் சட்டத்துக்குப் பிறகு 'மூடப்பட்ட சர்ச்' என்றே எழுதுகிறார்கள். சொல்லை மாற்றியதால் கூட்டம் கூடிவிடவில்லை.

மூடிய சர்ச் பல வழிகளில் போயிருக்கிறது. கிடங்கு, அலுவலகம், நாடகக் கொட்டகை, மலையேறப் பழகும் கூடம், வீடு. வீடுதான் நம் கவனத்துக்குரியது, ஏனென்றால் அதுதான் மிக இயல்பானதாகத் தோன்றுகிறது. கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, வீட்டுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் சர்ச்சின் கட்டுமானம் வீட்டுக்கு எதிரானது. வீடு என்பது அறைகள். சர்ச்சின் நடுக்கூடம் ஒற்றை அறை, அதுவும் மனித உயரத்தைப்போல் ஐந்து மடங்கோ பத்து மடங்கோ எழும்பிய அறை. குளிர்தேசத்தில் அந்த உயரத்தைச் சூடேற்றிக் கட்டுப்படியாகாது. அதனால் நடுவே தளம் போடுகிறார்கள், இரண்டு தளம், சில இடங்களில் மூன்று. ஒரே நீண்ட சன்னலின் கீழ்ப்பாதி ஒருவர் சமையலறையிலும் மேற்பாதி இன்னொருவர் படுக்கையறையிலும் வந்துவிடுகிறது. வண்ணக் கண்ணாடியில் நிற்கும் புனிதருக்குப் பாதம் ஒரு குடும்பத்துக்கு, தலை ஒரு குடும்பத்துக்கு. தூணின் தலைப்பில் செதுக்கிய இலைகள் கட்டில் பக்கத்தில் தரையிலிருந்து முளைக்கின்றன. விளம்பரத்தில் இவையெல்லாம் 'பழமையின் அம்சங்கள்' ஆகி விலையைக் கூட்டுகின்றன.

இந்த இடத்தில் லார்கினைத் திரும்பப் படிக்க வேண்டும். கவிதையின் கடைசிக்கு முந்தைய பகுதியில், பேசுகிறவன் இந்த மண்மேட்டுக்கு ஏன் வருகிறான் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறான். பிறப்பு, கல்யாணம், சாவு ஆகியவற்றை இந்த ஓடு வெகுகாலம் பிளவுபடாமல் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. இன்று அவை தனித்தனியாகத்தான் கிடைக்கின்றன. பிளவுபடாமை கவிதையில் ஒரு கருத்து. வீடாக்கும் கொத்தனார் அதைக் காங்கிரீட்டில் செய்து காட்டுகிறார். கவிஞன் உருவகமாகச் சொன்னது எஸ்டிமேட்டில் ஒரு இனமாகிவிட்டது.

இன்னொன்று. கவிதை முடிவது, சுற்றிலும் இத்தனை இறந்தவர்கள் கிடக்கிறார்கள் என்ற நினைப்பில். வீடாக மாறிய சர்ச்சைச் சுற்றியும் அவர்கள் கிடக்கிறார்கள். விற்கும்போது திருச்சபை பத்திரத்தில் சில நிபந்தனைகள் எழுதுகிறது. புதைத்தவர்களைக் கலைக்கக் கூடாது. கல்லறைக் கற்களை இஷ்டப்படி அகற்றக் கூடாது. உறவினர்கள் கல்லறைக்கு வந்துபோக வழி விட வேண்டும். அதாவது ஒருவர் தம் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒரு முன்பின் தெரியாத கிழவி பூங்கொத்தோடு வாசலில் வந்து நிற்கலாம். வழி விட்டாக வேண்டும். உள்ளே வந்து நிற்கும் உரிமையில் மிஞ்சியது இந்த ஒற்றையடிப் பாதை. அதுவும் காரணமுள்ளவளுக்கு, இரத்த உறவுள்ளவளுக்கு. காரணமில்லாமல் வரும் சைக்கிள்காரனுக்கு அந்தப் பத்திரத்தில் ஷரத்து கிடையாது.

4

லார்கின் இதை ஏன் காணவில்லை? காணத் தவறினார் என்பது குற்றமல்ல. கவிஞன் ஜோசியன் இல்லை. ஆனால் ஒரு கவிதை எதைக் கற்பனை செய்ய மறுக்கிறது என்பது அதன் அழகியலைக் காட்டிக்கொடுக்கும்.

கவிதையின் எதிர்காலத்தில் பணம் இல்லை. மழையும் ஆடும் வாடகை தருவதில்லை என்ற கிண்டல்தான் பணத்தைப் பற்றிய ஒரே பேச்சு. காட்சிசாலை அல்லது காடு, இரண்டே வழி. ஐம்பதுகளின் இங்கிலாந்தில் வீட்டுப் பஞ்சம் தெரியாதவர் யாருமில்லை. லார்கினும் வாடகை அறைகளில் வாழ்ந்தவர்தான். இருந்தும் அவருடைய சர்ச்சுக்குள் ஒரு குடும்பம் கட்டிலைக் கொண்டுவந்து போடுவது அவருக்குத் தோன்றவில்லை. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: கவிதைக்கு இடிபாடு தேவைப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில ரசனை பாழடைந்த மடாலயத்தின் முன் நின்று பெருமூச்சு விட்டுப் பழகியது. லார்கின் கவிதைக்குள்ளேயே இடிபாட்டுப் பித்தர்களையும் பழம்பொருள் அளப்பவர்களையும் பரிகசிக்கிறார். ஆனால் புல்லும் முட்செடியும் வானமும் அடுக்கப்படுகிற இடத்தில் குரலின் பரிகாசம் நின்றுவிடுகிறது. அவர் கேலி செய்த பித்தம் அவர் கையிலேயே இருக்கிறது. நம்பிக்கையின்மையைப் பற்றி இவ்வளவு நிதானமாகப் பேசுகிற கவிதை, அழிவைப் பற்றிப் பேசும்போது ரொமாண்டிக் ஆகிவிடுகிறது.

இடிபாட்டுக்கு நேர்மாறான வரலாறும் உண்டு. லண்டன் ஓல்ட் தெருவில் 1733ல் முடிந்த செயின்ட் லூக் சர்ச், ஜான் ஜேம்ஸும் நிக்கலஸ் ஹாக்ஸ்மூரும் கட்டியது. அஸ்திவாரம் இறங்கியதால் 1959ல் மூடினார்கள். கூரையைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். பிறகு நாற்பது வருஷத்துக்கு அங்கே லார்கினின் மழை வாடகையில்லாமல் குடியிருந்தது. உள்ளே மரங்கள் வளர்ந்தன. கவிதை சொன்னபடியே எல்லாம் நடந்தது. அதன்பின் கவிதை சொல்லாதது நடந்தது. லண்டன் ஸிம்ஃபனி இசைக்குழுவுக்காக அடியிலிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட சடலங்களை முறைப்படி அகற்றி, மரங்களை வெட்டி, புதிய கூரை போட்டார்கள். கூரையைத் தாங்கப் பழைய சுவர்களுக்குள் எஃகுத் தூண்களை நிறுத்தினார்கள். 2003லிருந்து அங்கே ஒத்திகை நடக்கிறது, கச்சேரி நடக்கிறது, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து வாத்தியம் பழகுகிறார்கள். வெயிலில் இடிபாட்டின் புகைப்படம் நிச்சயமாக இதைவிட அழகாக இருந்திருக்கும். குழந்தைகளுக்கு அதில் இடமிருந்திருக்காது.

இடிபாட்டை நேசிப்பவர்கள் இன்னும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சர்ச்சை வீடாக்குவதைப் பார்த்து முகம் சுளிப்பது, தலைக்குமேல் கூரை உள்ளவர்களுக்குச் சுலபம். ஆளில்லாத கட்டடத்தின் கூரையிலிருந்து ஈயத்தகடு திருட்டுப்போகும். தகடு போனால் தண்ணீர் இறங்கும், உத்தரம் உளுக்கும், ஒரு மழைக்காலம் போதும். குடியிருப்பவன் தன் சௌகரியத்துக்காகவாவது ஒழுகலை அடைப்பான். அழகியலை மட்டும் வைத்துப் பேசுகிற விமர்சனம், கட்டடம் நிற்க வேண்டும் என்கிற முதல் காரியத்தையே விட்டுவிடும். ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்ற விவாதம் வீண். மாற்றியதில் எது மிஞ்சியது என்பதுதான் விமர்சனத்தின் வேலை.

5

ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் டொமினிக்கன் துறவிகளின் சர்ச் 1294ல் அபிஷேகம் செய்யப்பட்டது. 1794ல் பிரெஞ்சுப் படை நகரத்தைப் பிடித்தபின் துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். சர்ச்சில் குதிரைகளைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு கிடங்கு, விழாக் கூடம், சைக்கிள் நிறுத்துமிடம். 2006ன் இறுதியில் அது புத்தகக் கடை ஆயிற்று. கடைக்குச் சுமார் 1200 சதுரமீட்டர் தேவை. தரையில் இருந்தது சுமார் 750. நடுவே தளம் போட்டிருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். வடிவமைத்த மெர்க்ஸ்-ஜிராட் அதைச் செய்யவில்லை. நடுக்கூடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மாடிகள் கொண்ட பிரம்மாண்டமான கறுப்பு இரும்பு அலமாரி ஒன்றை நிறுத்தினார்கள். வாசகன் அதற்குள்ளேயே படி ஏறி, தூண்களின் தலைப்புக்குச் சமமாக நின்று புத்தகம் புரட்டலாம். மறுபக்கம் தரையிலிருந்து கூரைவரை வெறுமையாகவே இருக்கிறது. அலமாரியை நாளைக்கே பிரித்தெடுத்தாலும் சர்ச் சர்ச்சாக நிற்கும்.

அதே கட்டடத்தில் ஒரு சறுக்கலும் உண்டு. பீடம் இருந்த கோடியில் காப்பிக்கடை. அதன் நடுவே சிலுவை வடிவத்தில் ஒரு மேஜை. கூடத்தில் இருந்த அடக்கம் இங்கே இல்லை. கட்டடம் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருப்பதை மேஜை மறுபடியும், பல்லைக் காட்டிக்கொண்டு, சொல்கிறது. படிமம் தானாக நிற்கும்போது அடுத்த வரியில் அதற்கு விளக்கம் எழுதுகிற கவிஞர்களை நமக்குத் தெரியாதா?

ஆனால் கடை என்ற உபயோகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. புத்தகக் கடைக்குள் வாங்காமலும் நுழையலாம், நிற்கலாம், அண்ணாந்து பார்க்கலாம். 2014ல் கடையை வைத்திருந்த நிறுவனம் திவாலானபோது, பொதுமக்களிடமிருந்து பணம் திரட்டிக் கடையைக் காப்பாற்றினார்கள். பணம் கொடுத்தவர்களில் பலர் அங்கே நின்றுவிட்டு மட்டும் போனவர்களாக இருந்திருக்கலாம்.

வீட்டிலும் இதைச் செய்ய முடியாது என்றில்லை. அதே நாட்டின் யூட்ரெக்ட் நகரத்தில் 1870ன் செயின்ட் யாக்கோபுஸ் சர்ச், மேஜை நாற்காலி விற்கும் காட்சிக்கூடமாக இருந்து பிறகு வீடானது. ஸெக் என்ற கட்டடக் கலைஞர் குழு 2009ல் முடித்த வேலை அது. முந்தையவர்கள் போட்டிருந்த பரணை, சுவரோடு ஒட்டாமல் கூடத்தில் மிதக்கும் ஒரு வெள்ளை உருவமாக மாற்றினார்கள். உயரம் முழுசாகத் தெரிகிறது. புகைப்படங்களில் பார்க்கும்போது குறை சொல்ல முடியாத வேலை. வெறுமையைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த வெறுமை இப்போது ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். புகைப்படத்தைப் பார்க்கிறவன் கதவுக்கு வெளியே நிற்கிறான்.

வெறுமையைக் காப்பதும் கதவைத் திறந்து வைப்பதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதை இந்த இரண்டு டச்சுக் கட்டடங்களும் சேர்ந்து சொல்லித் தருகின்றன. முன்னது கட்டடக் கலைஞனின் திறமையைப் பொறுத்தது. பின்னது அவன் கையில் இல்லை. பத்திரம் யார் பேரில் என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கில் ரிச்சர்ட் அப்ஜான் கட்டி 1846ல் அபிஷேகமான ஹோலி கம்யூனியன் சர்ச், எழுபதுகளில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களுக்கான நிலையமாக இருந்தது, 1983ல் நடன விடுதி, 2010ல் கடைத்தொகுதி. விடுதிக் காலத்தில் வாசலில் நின்றவன் உடையையும் முகத்தையும் பார்த்து உள்ளே விட்டான். கத்தோலிக்கர்களின் 1983ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 1222ம் விதியில், கைவிட்ட ஆலயத்தை லௌகீகக் காரியத்துக்கு விடலாம், இழிவான காரியத்துக்கு விடக்கூடாது என்கிறது. அது ஆங்கிலிக்கன் சர்ச். இந்த விதி அதைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தியிருந்தால் எதை இழிவு என்பது? நடனத்தையா, குடியையா? வாசலில் ஆளைப் பார்த்துப் பொறுக்கியதைத்தான் நான் சொல்வேன்.

நேர் எதிரான உதாரணம் லண்டன் பிரிக் லேனில் இருக்கிறது. 1743ல் பிரெஞ்சு ஹியூகனாட் அகதிகள் கட்டிய சர்ச். 1809லிருந்து கொஞ்சகாலம் யூதர்களை மதம் மாற்ற முயன்ற ஒரு சங்கத்தின் கையில். 1819லிருந்து மெதடிஸ்ட் சர்ச். 1898லிருந்து கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர்களின் ஜெபாலயம். 1976லிருந்து வங்காளதேசத்தவர்களின் மசூதி. மேலே சுவரில் முதல் அகதிகள் வைத்த சூரியக் கடிகாரம் அப்படியே இருக்கிறது. மனிதர்களாகிய நாம் நிழல் என்ற பொருளில் லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். நாலு மதச் சபைகளும் அதன் கீழே நுழைந்திருக்கின்றன. இதைச் செய்ய எந்தக் கட்டடக் கலைஞரும் பரிசு வாங்கவில்லை. கட்டடம் பெரிய அழகும் இல்லை. ஒரு கூட்டம் கைவிட்டுப் போனபோது, இன்னொரு கூட்டம் அதே தேவையோடு வந்து கதவைத் தட்டியது. அவ்வளவுதான்.

6

கடைசியாகக் கவிதையின் உருவத்துக்கு வருகிறேன். எழுத்தாளர்களுக்கு இதில் சம்பந்தமுள்ள பகுதி இதுதான்.

'சர்ச் கோயிங்' ஒன்பது வரிகள் கொண்ட ஏழு பத்திகள். ஐந்து அசை அழுத்தங்கள் கொண்ட பழைய ஆங்கிலச் சீர். ஒவ்வொரு பத்திக்கும் ஒரே எதுகை அமைப்பு. அந்த அமைப்பு சிக்கலானது. ஆனால் படிக்கிறவன் காதில் உடனே விழாது. ஏனென்றால் உள்ளே ஓடுவது பேச்சுமொழி: சலிப்பு, முணுமுணுப்பு, பாதியில் திருத்திக்கொள்கிற வாக்கியம், கொச்சை. ஓசை பல இடங்களில் கறாராகப் பொருந்தாமல் பாதி ஓசையாக நிற்கிறது. பிரார்த்தனையும் புகழ்ச்சியும் பாடக் கட்டிய பத்தியில் நம்பிக்கையற்றவன் சைக்கிள் கிளிப்போடு வந்து பேசுகிறான். நடுவே தளம் போடவில்லை. சுவரை இடிக்கவில்லை. பழைய உருவத்தின் உயரத்தை அப்படியே விட்டு, அதில் தன் சாதாரணக் குரல் எப்படி எதிரொலிக்கிறது என்று கேட்கிறான். வேத மேடையில் ஏறிச் சத்தமாகப் படித்துவிட்டு எதிரொலியைக் கேட்டு வெட்கப்படுகிற இடம் இந்த முழுக் கவிதையின் உத்தியையும் காட்டும் இடம்.

ஆக, கவிதையின் கற்பனைக்கு எட்டாத மாற்று உபயோகத்தைக் கவிதையின் உருவம் தானே செய்து முடித்திருக்கிறது. கருத்தில் இடிபாட்டை விரும்பிய லார்கின் உருவத்தில் குடியேறியிருக்கிறார். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று இப்படி மறுக்கிற கவிதை அபூர்வம். அந்த மறுப்பே அதன் வலு.

1959ல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து நம்மிடம் யாப்பைப் பற்றி நடந்த சண்டையில் இரண்டு கட்சிகளையே கேட்டிருக்கிறோம். வெண்பாவும் விருத்தமும் இன்னும் வழிபாடு நடக்கிற கோயில்கள் என்று ஒரு கட்சி. அவை பாழ், இடித்துத் தள்ளு என்று இன்னொரு கட்சி. காலியாகிப்போன உருவம் என்று ஒத்துக்கொண்டே, அதன் உயரத்துக்காக மட்டும் அதற்குள் போய் இன்றைய குரலில் பேசிப் பார்க்கலாம் என்கிற மூன்றாவது வழியை நாம் அதிகம் முயலவில்லை. நம் புதுக்கவிதை அநேகமாகப் புறநகரத்தில் புதிய மனை வாங்கிக் கட்டிய வீடு. வசதியாக இருக்கிறது. தாழ்ந்த கூரை. அழைக்காமல் யாரும் வருவதில்லை.

பழைய உருவத்துக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டடமானாலும் கவிதையானாலும் குடியேறுகிறவனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். நீ வந்த பிறகு, அங்கே வேலை எதுவுமில்லாத ஒருவன் உள்ளே வந்து கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போக முடியுமா? மாஸ்ட்ரிக்டில் முடிகிறது. யூட்ரெக்டில் முடியவில்லை. லார்கினின் கவிதைக்குள் இன்னும் முடிகிறது.